இடர்க்காலத்தில் நம்பிக்கையும் ஒற்றுமையும்: ஜப்பானியர் ஆட்சிக்காலச் சிங்கப்பூரில் தமிழ்க் கிறித்தவர்கள் (1942–1945)

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோயில்கள், சங்கங்கள், இதழ்கள், தமிழ்ப்பள்ளிகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். தமிழ்க் கிறித்தவர்களைப் பற்றிய செய்திகள் அந்தந்தச் சபைகளின் ஆண்டு விழா மலர்களுக்குள் பெரிதும் அடங்கிவிட்டன. மறுபுறம், சிங்கப்பூரின் கிறித்தவ வரலாற்றை எழுதியோர் ஐரோப்பிய, அமெரிக்க மறைப்பணியாளர்களையும் சீனச் சபைகளையும் முதன்மைப்படுத்தினர். இவ்விரு வரலாறுகளின் ஓரங்களிலும் நிற்பவர்களாகவே தமிழ்க் கிறித்தவர்கள் காணப்படுகின்றனர்.

இக்கட்டுரை 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரையிலான ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை எடுத்துக்கொண்டு மூன்று வினாக்களுக்கு விடை காண முற்படுகிறது. பிரிந்து கிடந்த சபைகளை அக்காலம் ஒன்றுபடுத்தியதா? ஒன்றுபடுத்தியது எனின், அவ்வொற்றுமை தானே கனிந்ததா, ஆட்சியாளரால் கனிவிக்கப்பட்டதா? அந்த ஒற்றுமை யாரை உள்ளடக்கியது, யாரை வெளியே நிறுத்தியது? இடர்க்காலத்தில் சமயம் ஆறுதல் தந்தது என்று கூறுவது எளிது. அந்த ஆறுதல் எவ்வழியில், எத்தகைய நிறுவனங்கள் வழியாக, எவ்வெல்லை வரையில் செயற்பட்டது என்று காண்பதே வரலாற்று ஆய்வுக்கு உரிய பணியாகும்.

தேக்கா வட்டாரமும் தமிழ்ச் சபைகளின் தோற்றமும்

சிங்கப்பூரின் கிறித்தவ ஆலய வரலாற்றில் இந்தியர்களின் பங்கு வழிபாட்டில் தொடங்குவதற்கு முன்னரே கட்டுமானத்தில் தொடங்கிவிட்டது. தூய அந்திரேயா பேராலயத்துக்கு 1856ஆம் ஆண்டு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அடிக்கல் நாட்டினார். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளாவர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் கலந்து செய்யப்பட்ட சென்னைச் சுண்ணாம்புப் பூச்சே அதன் வெண்மைக்குக் காரணம். ஆலயம் 1862இல் திருநிலைப்படுத்தப்பட்டது. கட்டியவர்களின் கைத்திறன் அதன் சுவர்களில் நிலைபெற்றது. ஆனால் அவர்களுடைய மொழி அங்கு முதன்மை மொழியாக ஒலிக்கவில்லை.

கத்தோலிக்கர்களிடையே நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. மலாயாவில் பணியாற்றிய பாரிசு அயல்நாட்டு மறைப்பணிச் சபையே புதுச்சேரி மறைமாவட்டத்திலும் பணியாற்றியது. ஆதலால் தமிழ் அறிந்த பிரெஞ்சுக் குருக்கள் சிங்கப்பூருக்குக் கிடைத்தனர். குவீன் தெருவில் 1870இல் கட்டி முடிக்கப்பட்ட தூய பேதுரு பவுல் ஆலயத்தைத் தொடக்கத்தில் சீனரும் தமிழரும் பகிர்ந்துகொண்டனர். பின்னர் அருட்தந்தை மெனுவ்ரியேயின் முயற்சியால் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்துக்கு 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1888இல் திறக்கப்பட்ட அவ்வாலயமே சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென எழுந்த முதல் ஆலயமாகும். 2005ஆம் ஆண்டு அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மெதடிஸ்ட் திருச்சபையின் பணி 1885இல் வில்லியம் ஓல்டம் வருகையுடன் தொடங்கியது. பெங்களூரில் பிறந்த அவர் இந்தியர்களிடையே பணியாற்றுவதில் இயல்பாகவே நாட்டம் கொண்டிருந்தார். தமிழ்ப்பணி 1880களிலேயே தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் 1887 ஆகஸ்டு மாதத்தில் ஷார்ட் தெருவில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்று அழைக்கப்பட்ட அதுவே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவில் கொள்ளத்தகும். தமிழ் மெதடிஸ்ட் சபையும் அதே ஷார்ட் தெருவில் நிலைகொண்டது. ஆங்கிலிக்கன் தமிழர்களுக்கெனப் போர் மூளுவதற்குச் சற்று முந்திய ஆண்டுகளில் டோர்செட் சாலையில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது.

ஓஃபிர் சாலை, ஷார்ட் தெரு, டோர்செட் சாலை ஆகிய மூன்றும் சிராங்கூன் சாலையை ஒட்டியோ அதிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலோ அமைந்தவை. தேக்கா என்று தமிழர் வழங்கும் வட்டாரத்தில் கோயில்மணியும் தொழுகை அழைப்பும் ஆலயமணியும் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருந்தன. இந்த அண்மையைக் கருதாமல் தமிழ்க் கிறித்தவரின் வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது.

பிரிவுகளும் பொதுச்செல்வமும்

அண்மையில் வாழ்ந்தமையால் ஒன்றுபட்டு வாழ்ந்தனர் என்று கொள்ளலாகாது. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட் சபையினர் ஆகியோர் தனித்தனி நிருவாகங்களின் கீழ் இயங்கினர். அந்நிருவாகங்களின் தலைமையிடங்களும் முறையே பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா எனப் பிரிந்திருந்தன. இவற்றுக்கு மேல் ஊர்வழிப் பிரிவுகளும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசு அலுவலகங்களில் எழுத்தராகப் பணியாற்றிய குடும்பங்களும், திருநெல்வேலி, தஞ்சாவூர், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து வந்தோரும் தத்தம் ஊர் மரபுகளைக் கொண்டே வழிபட்டனர். ஆங்கிலம் கற்றோர்க்கும் தமிழ் மட்டும் அறிந்தோர்க்கும் இடையில் இருந்த இடைவெளியும், தாயகத்திலிருந்து உடன்வந்த சாதி உணர்வும் இப்பிரிவுகளை மேலும் ஆழப்படுத்தின.

ஆயினும் பொதுச்செல்வம் ஒன்றும் இருந்தது. சீர்திருத்தச் சபைத் தமிழர் அனைவரும் ஒரே விவிலிய மொழிபெயர்ப்பையே வாசித்தனர். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் குழுவினரின் மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தபோது தமிழகத்தில் அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பின்னர் ஹென்றி பவர் தலைமையிலான குழு இருகரையினரும் ஏற்கும் வகையில் 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பை நிறைவு செய்தது. யாழ்ப்பாணத் தமிழரும் திருநெல்வேலித் தமிழரும் சிங்கப்பூரில் அருகருகே அமர்ந்து ஒரே நூலை வாசிக்க முடிந்ததற்கு அந்தப் பழைய உடன்பாடே அடிப்படையாகும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) உள்ளிட்டோர் இயற்றிய கீர்த்தனைகளும் சபை வேறுபாடின்றிப் பாடப்பட்டன. ஒற்றுமை என்பது போர்க்காலத்தில் திடீரென முளைத்ததன்று. மொழியும் இசையும் அதற்குரிய நிலத்தை முன்னரே பண்படுத்தி வைத்திருந்தன.

1942: வீழ்ச்சியும் வெறுமையும்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அதற்கு முந்திய நாள்களில் தூய அந்திரேயா பேராலயமும் கத்தோலிக்கரின் நல்லாயன் பேராலயமும் அவசரகால மருத்துவமனைகளாக மாற்றப்பட்டன. வழிபாட்டு இருக்கைகள் இருந்த இடங்களில் காயமுற்றோர் கிடத்தப்பட்டனர். கிறித்தவர் அல்லாத தமிழர்களும் குண்டுவீச்சுக்கு அஞ்சி அருகிலிருந்த வழிபாட்டிடங்களை நாடினர். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் மக்கள் தஞ்சம் புகுந்த செய்தி இன்றும் அவ்வட்டாரத்தில் பேசப்படுகிறது. இடர்க்காலத்தில் வழிபாட்டிடத்தை நாடுதல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

தீவு சியோனான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அன்றாட உணவாயின. வாழைமரப் படம் பொறித்த பணத்தாளின் மதிப்பு மாதந்தோறும் சரிந்தது. மறைப்பணிச் சபைகள் நடத்திய பள்ளிகள் புதிய ஆட்சியின் கல்விக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன.

இத்துன்பம் எல்லா இனத்தார்க்கும் ஒரே அளவினதாக இருக்கவில்லை. பிப்ரவரி 18 முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை நடந்த சூக் சிங் களையெடுப்பில் சீனர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். இந்தியர்களை ஜப்பானியர் தம் போர் நோக்கத்துக்குத் துணையாக்கிக்கொள்ள விரும்பினமையால் அவர்கள்மீது அத்தகைய படுகொலை ஏவப்படவில்லை. ஒரே சபையைச் சேர்ந்த சீனக் கிறித்தவரும் தமிழ்க் கிறித்தவரும் இவ்வாறு சமமற்ற துன்பத்துக்கு உள்ளாயினர். ஒற்றுமையைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாட்டை மறைத்தல் கூடாது. தம் வீட்டில் இழவு நேராத ஒருவர், இழவு நேர்ந்த வீட்டாருடன் எவ்வாறு ஒன்றாக நின்று மன்றாடுவது என்பதே அன்றைய ஒற்றுமையின் முதற்சோதனையாக இருந்தது.

தலைமை கைமாறிய விதம்

ஆங்கிலேய, அமெரிக்க மறைப்பணியாளர்கள் பகைநாட்டினராகக் கருதப்பட்டுச் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். பிரெஞ்சுக் குருக்கள் மட்டும் பிரான்சின் விஷி அரசு ஜெர்மனியுடன் கொண்டிருந்த உறவு காரணமாகச் சிறைக்கு வெளியே இருக்க முடிந்தது. எனவே லூர்து அன்னை ஆலயம் போன்ற கத்தோலிக்க ஆலயங்களின் தலைமையில் பெரும் மாற்றம் நேரவில்லை. சீர்திருத்தச் சபைகளின் நிலை அவ்வாறில்லை. அவை ஒரே வாரத்தில் தம் தலைமையையும் வெளிநாட்டு நிதியையும் இழந்தன.

ஆங்கிலிக்கன் பேராயர் ஜான் லெனார்ட் வில்சன் ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்க இசைவு பெற்றார். சமயம், கல்வி ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பானிய அதிகாரி ஆண்ட்ரூ ஒகாவா தாமும் ஓர் ஆங்கிலிக்கராக இருந்தமையே இதற்குக் காரணம். பகைவரின் சீருடைக்குள் ஒரு சகவிசுவாசி இருந்தார் என்னும் உண்மை அக்காலக் கிறித்தவர்களைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. கிடைத்த அந்த ஓராண்டை வில்சன் வீணாக்கவில்லை. தாம் எந்நேரமும் சிறைப்படலாம் என்பதை உணர்ந்து உள்ளூரார் கைகளில் பொறுப்பை ஒப்படைக்கலானார்.

அவ்வாறு பொறுப்பேற்றவர்களுள் தமிழரான முனைவர் டி. டி. செல்லையா குறிப்பிடத்தக்கவர். அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர். நீரிணைக் குடியேற்றங்களின் 1800 முதல் 1925 வரையிலான கல்விக் கொள்கையை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவ்வாய்வு போருக்குப் பின் 1947இல் நூலாக வெளிவந்து, மலாயாக் கல்வி வரலாற்றை ஆராய்வோர்க்கு அடிப்படை நூலாயிற்று. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் வில்சன் அவருக்குக் குருத்துவப் பட்டம் அளித்தார். 1943 மார்ச்சு மாதத்தில் பேராயர் சாங்கிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, செல்லையாவும் பிற ஆசிய குருக்களும் பேராலயப் பணியையும் சபைகளையும் தாங்கி நின்றனர். இந்தியக் கைதிகள் எழுப்பிய ஆலயத்தில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தமிழர் பொறுப்பில் நின்றார்.

இதனைத் தமிழகத்து நிலையுடன் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1912இலேயே தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்நிலையை அடைந்த முதல் இந்தியர் அவரே. தமிழர் ஒருவர் பேராயராகத் தகுதியுடையவர் என்பது தோர்ணக்கலில் மெய்ப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், சிங்கப்பூரில் தமிழர் ஒருவர் பேராலயப் பொறுப்பேற்கப் போர் வர வேண்டியிருந்தது. தகுதியுடையோர் இல்லாமையால் தலைமை கிட்டவில்லை என்று கூறுவதற்கு இடமில்லை. தகுதி காத்திருந்தது, வாய்ப்பைத் தந்தது பேரிடர்.

1942இல் கிறித்தவச் சபைகளின் கூட்டமைப்பு ஒன்றும் உருவாயிற்று. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட் சபையினர், பிரஸ்பிடேரியர் முதலானோர் இதன் வழியாக ஒரே மேடையில் கூடினர். சிதறிக் கிடக்கும் பல சபைகளைக் காட்டிலும் ஒரே அமைப்புடன் தொடர்புகொள்வது எந்த ஆட்சிக்கும் எளிது. அமைப்பு ஒன்று இருப்பின் கண்காணிப்பும் எளிதாகும். ஆகவே இக்கூட்டமைப்பில் ஆட்சியாளரின் வசதியும் கலந்திருந்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அதில் கூடியோர் அவ்வசதிக்காக மட்டும் கூடவில்லை. வருவாய் இழந்த போதகர்களைக் காப்பதும், ஏழையர்க்கு உதவுவதும், வழிபாட்டைத் தடையின்றி நடத்துவதும் தனித்தனியே செய்ய இயலாத பணிகளாக இருந்தன. வற்புறுத்தலால் அமைந்த சட்டகத்துக்குள் தேவையால் பிறந்த உறவு வளர்ந்தது என்று கூறுவது பொருந்தும். போருக்குப் பின் வற்புறுத்தல் நீங்கியபோதும் உறவு நீங்கவில்லை என்பதே இம்முடிபுக்குச் சான்று.

சிறைக்குள் நம்பிக்கை

1943 செப்டம்பர் இறுதியில் நேச நாட்டுச் சிறப்புப் படையினர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருந்த கப்பல்களை வெடிவைத்துத் தகர்த்தனர். சாங்கிக் கைதிகளே உளவு தந்தனர் என்று தவறாகக் கருதிய ஜப்பானிய இராணுவக் காவற்படையான கெம்பித்தாய், அக்டோபர் 10ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டது. 57 பேர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். பேராயர் வில்சன் ஆர்ச்சர்டு சாலையில் இருந்த கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடத்தில் அடைக்கப்பட்டுக் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார். சமயப் பணிக்கென எழுப்பப்பட்ட கட்டடமே சித்திரவதைக் கூடமாக மாறியிருந்தது. ஏறத்தாழ எட்டு மாதங்களுக்குப் பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார்.

1946இல் அவர் பிபிசி வானொலியில் ஆற்றிய உரையில் அந்நாள்களை நினைவுகூர்ந்தார். தம்மை அடித்தவர்களை, அவர்கள் ஒரு காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள் என்றும் மாறக்கூடியவர்கள் என்றும் எண்ணிப் பார்க்க முயன்றதை அதில் விளக்கினார். 1947இல் தம்மைத் துன்புறுத்தியவர்களுள் ஒருவருக்கு அதே பேராலயத்தில் திடப்படுத்தல் சடங்கை நடத்தினார். மன்னிப்பைப் பற்றிய சொற்பொழிவுகள் பல உண்டு. மன்னிப்பு ஒரு நிகழ்வாக, நாளும் இடமும் குறிக்கத்தக்க செயலாக நடந்தமைக்கு இஃது ஓர் அரிய சான்றாகும்.

சிறைக்குள் மற்றொரு விளைவும் நேர்ந்தது. வெளியே தனித்தனியாக இயங்கிய சபைகளின் தலைவர்கள் உள்ளே ஒரே முற்றத்தில் நாளும் சந்தித்தனர். ஒவ்வொரு சபையும் தன் போதகர்களைத் தனித்தனியே பயிற்றுவது பொருந்தாது, பொதுவான இறையியல் கல்லூரி வேண்டும் என்னும் கருத்து அங்கேதான் உருப்பெற்றது. வெளிநாட்டார் திடீரென அகற்றப்பட்டால் சபை நிலைகுலையும் என்பதை 1942 அவர்களுக்கு நேரடியாகக் கற்பித்திருந்தது. உள்ளூர்த் தலைமையை உருவாக்கும் திட்டம் அப்பாடத்தின் பயனாகும்.

விடுதலைப் போராட்டமும் தமிழ்க் கிறித்தவரும்

தமிழ்க் கிறித்தவரின் போர்க்கால அனுபவம் ஆலயத்துக்குள் முடிந்துவிடவில்லை. 1942 பிப்ரவரி 17ஆம் நாள் ஃபேரர் பூங்காவில் ஏறத்தாழ 40,000 இந்தியப் படைவீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து அங்கே ஊன்றப்பட்டது. கிறிஸ்து ஆலயம் அத்திடலுக்கு மிக அருகில் அமைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தபின் இயக்கம் பேரெழுச்சி பெற்றது. அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சிமுகாம் திறக்கப்பட்டது.

இச்சூழல் தமிழ்க் கிறித்தவரை ஓர் இக்கட்டில் நிறுத்தியது. அவர்களுடைய சபைகள் ஆங்கிலேய, அமெரிக்கத் தொடர்புடையவை. அத்தொடர்பே அவர்களை ஐயத்துக்கு உரியவர்களாக்கியது. மறுபுறம் இந்திய விடுதலை என்னும் குறிக்கோள் அவர்களையும் ஈர்த்தது. ஈப்போவில் யாழ்ப்பாண மரபுவழி வந்த மெதடிஸ்ட் குடும்பத்தில் 1927இல் பிறந்த ராசம்மா நவரத்தினம், பின்னாளில் ராசம்மா பூபாலன் என அறியப்பட்டவர், பதினாறு வயதில் தம் தமக்கையுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். போருக்குப் பின் அவர் ஆசிரியப் பணியை மேற்கொண்டு, கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும் பெண்ணாசிரியர் உரிமைக்குப் போராடிய தலைவராகவும் விளங்கினார். கிறித்தவப் பற்றும் நாட்டுப்பற்றும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

இந்திய தேசிய இராணுவத்தின் முழக்கம் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளுடைய மூன்று சொற்களால் ஆனது. அதன் முகாம்களில் சமயம், சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் உணவு பரிமாறப்பட்டது. கிறித்தவச் சபைகள் தம்முள் ஒற்றுமையைத் தேடிய அதே காலத்தில், அதே தெருக்களில், வேறொரு வகை ஒற்றுமையும் கட்டப்பட்டது. சபையின் ஒற்றுமை இனங்களைக் கடந்து ஒரே சமயத்தாரை இணைத்தது. இயக்கத்தின் ஒற்றுமை சமயங்களைக் கடந்து ஓர் இனத்தாரை இணைத்தது. தமிழ்க் கிறித்தவர் இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டிலும் பங்குகொண்டனர். இதுவே அவர்களின் தனித்தன்மை எனலாம்.

ஒற்றுமையின் எல்லைகள்

இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்களுள் தமிழர் பெருந்தொகையினர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். போர்க்கைதிகளின் இறப்புகள் பெயரும் நாளும் குறித்துப் பதியப்பட்டன. தமிழ்த் தொழிலாளர்கள் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மடிந்தபோது அவ்வாறான பதிவுகள் வைக்கப்படவில்லை. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு முகாம்களில் படைக்குருக்கள் இருந்தனர். கல்லறைச் சிலுவைகள் நாட்டப்பட்டன. தமிழ்த் தொழிலாளிக்கு எச்சமயச் சடங்கும் பெரும்பாலும் வாய்க்கவில்லை. நகரத்துச் சபைகளின் ஒற்றுமை அவர்களை எட்டவில்லை.

கத்தோலிக்கரின் பகாவ் குடியேற்றமும் இங்குக் கருதத்தக்கது. சிங்கப்பூரின் உணவுப் பற்றாக்குறையைக் குறைக்கும் பொருட்டு, பேராயர் அட்ரியன் தெவல்சின் முன்னிலையில் 1943 இறுதியில் யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவுக்குக் குடிபெயரத் தொடங்கினர். நகர வாழ்வுக்குப் பழகியவர்கள் காட்டைத் திருத்த முற்பட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். தெவல்சும் உழைப்பின்போது காலில் ஏற்பட்ட காயத்தின் விளைவாக 1945 ஜனவரியில் அங்கு உயிர்நீத்தார். நம்பிக்கையின் பெயரால் மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சி பலருடைய உயிரை விலையாகக் கொண்டது. எனினும் மேய்ப்பர் தம் மக்களை அனுப்பிவிட்டுத் தாம் நகரில் தங்கிவிடவில்லை என்பதும் வரலாற்றில் இடம்பெற வேண்டும்.

சான்றுகளின் இயல்பும் மற்றோர் எல்லையை வகுக்கிறது. இக்காலம் பற்றிப் பரவலாக அறியப்பட்ட நூல்கள் ஆங்கிலம் அறிந்தோரால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பேராயருடன் பணியாற்றிய குரு ஜான் ஹேட்டர் எழுதிய நினைவுநூல் அவற்றுள் ஒன்று. தமிழில் மட்டும் மன்றாடிய மூதாட்டியின் நம்பிக்கை அத்தகைய நூல்களில் இடம்பெறுவது அரிது. பேராயரின் மன உறுதியை நாம் அவர் சொற்களிலேயே அறிகிறோம். மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட தாயின் மன உறுதியை அவர் செயலிலிருந்து நாமே உய்த்துணர வேண்டியுள்ளது.

போருக்குப் பிந்திய விளைவுகள்

1945 செப்டம்பர் 12ஆம் நாள் நகராட்சிக் கட்டடத்தில் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தனர். அக்கட்டடம் தூய அந்திரேயா பேராலயத்தின் எதிரில் அமைந்துள்ளது. சிறையில் கருக்கொண்ட திட்டங்கள் மூன்றாண்டுகளுக்குள் உருப்பெற்றன. 1948இல் மலாயாக் கிறித்தவ மன்றம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன் சபைகள் இணைந்து திரித்துவ இறையியல் கல்லூரியைத் தொடங்கின. சோஃபியா குன்றில் இயங்கிய அக்கல்லூரி 2001ஆம் ஆண்டுவாக்கில் அப்பர் புக்கித் தீமா சாலைக்கு இடம்பெயர்ந்தது.

இதே காலப்பகுதியில் சென்னையில் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அங்கு ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட் சபையினர், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிடேரிய, காங்கிரிகேஷனல் சபையினர் ஆகியோர் ஒரே திருச்சபையாயினர். யாழ்ப்பாணப் பகுதியில் ஒரு மறைமாவட்டமும் அதனுள் அடங்கிற்று. சிங்கப்பூரில் அத்தகைய முழு இணைப்பு நிகழவில்லை. தனித்தனிச் சபைகள் நீடித்துக்கொண்டே ஒன்றாகப் பணியாற்றும் முறையே நிலைபெற்றது. தென்னிந்திய இணைப்பு 1919 தரங்கம்பாடி மாநாடு தொட்டு நடந்த நீண்ட உரையாடலின் கனி. சிங்கப்பூரின் ஒத்துழைப்பு மூன்றரை ஆண்டு நெருக்கடியின் கனி. முன்னதற்குக் கோட்பாடு அடித்தளமாயிற்று. பின்னதற்கு அனுபவம் அடித்தளமாயிற்று.

தலைமை உள்ளூர்மயமாவதற்கும் காலம் பிடித்தது. போர் முடிந்தவுடன் மறைப்பணியாளர்கள் திரும்பிவந்தனர். பழைய அமைப்பே பெரிதும் மீண்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் சியூ பான் இட் 1966இல்தான் முதல் ஆசியப் பேராயரானார். மெதடிஸ்ட் திருச்சபையில் யாப் கிம் ஹாவ் 1968இல் அந்நிலையை எய்தினார். 1973ஆம் ஆண்டு தமிழரைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு தியோடர் துரைசாமி மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன் பேராயராகச் சவரிமுத்து பொறுப்பேற்றார். 1943இல் நெருக்கடி காரணமாகத் தமிழருக்குக் கிட்டிய பொறுப்பு, அமைதிக்காலத்தில் உரிமையாகக் கிட்ட முப்பது ஆண்டுகள் ஆயின.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிபுகளை எய்தலாம். முதலாவதாக, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சபைகளிடையே ஏற்பட்ட ஒற்றுமை வற்புறுத்தல், தேவை, முன்னரே இருந்த பொதுமரபு ஆகிய மூன்றும் சேர்ந்து விளைந்ததாகும். இரண்டாவதாக, நம்பிக்கை என்பது வெறும் மனநிலையாக நில்லாமல், பொறுப்பேற்றல், பகிர்தல், மன்னித்தல், வருங்காலத்துக்குத் திட்டமிடல் ஆகிய செயல்களாக வெளிப்பட்டது. மூன்றாவதாக, அவ்வொற்றுமை நகரத்து, கல்வி கற்ற, சபையில் பதிவுபெற்ற மக்களையே பெரிதும் அணைத்தது; இரயில் பாதைக்குச் சென்ற தொழிலாளி அதன் வட்டத்துக்கு வெளியே மடிந்தார்.

இம்மூன்றாம் முடிபு பழங்கதையாகிவிடவில்லை. 2020இல் பெருந்தொற்று பரவியபோது சிங்கப்பூரின் ஆலயங்கள் மூடப்பட்டன. வழிபாடு இணையவழிக்கு மாறியது. ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வந்து கூடும் தமிழகத் தொழிலாளர்கள் உட்பட, தங்குவிடுதிகளில் வாழ்ந்த 300,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் நெடுங்காலம் வெளியே செல்ல இயலாதவர்களாயினர். அப்போது பல்வேறு சமய அமைப்புகளும் தொண்டர்களும் உணவும் மருந்தும் ஆறுதலும் அவர்களிடம் கொண்டுசேர்க்க முயன்றனர். ஓர் ஒற்றுமையின் உண்மையை அதன் நடுவில் இருப்போரைக் கொண்டு அளப்பதினும் அதன் விளிம்பில் இருப்போரைக் கொண்டு அளப்பதே பொருத்தமானது என்பதை 1942ஆம் ஆண்டும் 2020ஆம் ஆண்டும் ஒருசேர உணர்த்துகின்றன.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1980களின் தொடக்கம் முதல் ஜப்பானியர் ஆட்சிக்கால நினைவுகளைப் பதிவுசெய்து பாதுகாத்து வருகிறது. தமிழாசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இப்பதிவுகளைச் சபை ஆவணங்களுடனும் குடும்ப நினைவுகளுடனும் ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், பேராயர்களின் வரலாற்றுக்கு அருகில், ஓஃபிர் சாலையிலும் ஷார்ட் தெருவிலும் டோர்செட் சாலையிலும் தமிழில் மன்றாடி அந்நாள்களைக் கடந்த எளிய மக்களின் வரலாறும் தனக்குரிய இடத்தைப் பெறும்.